பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியை விட்டுப் போகும் வேளை: கல்வி அதிகாரிகளுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்டக் கல்வி அதிகாரிகளுக்கும், கெடா மாநிலத்துப் பீடோங் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி, இடைநிலைப்பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் பீடோங்கில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவையிலும் இருக்கிறேன். ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி வாசலில் நான் இறக்கிவிட்ட பிள்ளையே மறு ஆண்டு அதே வேனில் இடைநிலைப்பள்ளிக்கு வருவதால், அந்தப் பிள்ளையின் பேச்சும் நடையும் நட்பும் மாறுவது பல வேளைகளில் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் முன்பே என் கண்ணில் பட்டுவிடுகிறது. அந்த உரிமையில்தான் இம்மடலை எழுதுகிறேன். மதுவிலிருந்தும் போதைப்பொருளிலிருந்தும் பிள்ளைகளைக் காக்கப் பள்ளிகள் செய்துவரும் வேலை, பயன் தராத முறையில், பெரும்பாலும் காலம் கடந்து நடக்கிறது என்பது என் கருத்து. தமிழ்ப்பள்ளியின் கடைசி ஆண்டிலிருந்து இடைநிலைப்பள்ளியின் இரண்டாம் படிவம் முடியும் வரை அதனை வாரந்தோறும் நடக்கும் பாடமாக மாற்றித் தர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பிள்ளைகள் இறங்கிய பின் இருக்கைகளைத் துடைக்கும்போது கிடைப்பவற்றைச் சொன்னால் நிலைமை விளங்கும். இருமல் மருந்தின் காலிப் புட்டி, மின்சிகரெட்டில் ஊற்றும் திரவத்தின் விரலளவு குப்பி, சம்சு என்ற மலிவுச் சாராயத்தின் தட்டைப் புட்டி. ஒரு நாள், இரண்டாம் படிவ மாணவன் ஒருவன் மறந்துவிட்டுப் போன குடிநீர்ப் புட்டியில் கலங்கலான பழுப்பு நீர் பாதியளவு இருந்தது. ஆறிப்போன தேநீர் என்று நினைத்து மூடியைத் திறந்தேன். பச்சிலையின் கசப்பு வாடையும் கோலாவின் இனிப்பு வாடையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. அது கெத்தும் மரத்து இலையைக் காய்ச்சிய நீர். கெடாவில் வாழ்பவர்களுக்கு அந்த மரத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. இலையைக் காய்ச்சி வடித்து, இருமல் மருந்தும் கோலாவும் கலந்துவிட்டால், பள்ளிப் பையில் வைத்தாலும் யாருக்கும் ஐயம் வராத ஒரு போதைப் பானம் பிள்ளையின் கைச்செலவுக் காசுக்குள் கிடைத்துவிடுகிறது. 1952ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டம் அதனைத் தடுத்திருக்கிறது என்பது குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

சட்டத்தில் குறை இருப்பதாக நான் சொல்லவில்லை. மது வாங்குவதற்கான வயது 2017 டிசம்பர் 1 முதல் 18இலிருந்து 21ஆக உயர்த்தப்பட்டது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு மின்சிகரெட் விற்பதை, 2024 அக்டோபர் 1இல் நடப்புக்கு வந்த புகைபொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் (852ஆம் சட்டம்) தடை செய்கிறது. ஆனால், 2023 மார்ச் 31இல் நிக்கோட்டின் திரவத்தை நச்சுப் பொருள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு அந்தச் சட்டம் வரும் வரை கழிந்த ஒன்றரை ஆண்டில், பழரச வாடை வீசும் குப்பிகள் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளின் கை வரை வந்து சேர்ந்துவிட்டன. மலேசியச் சுகாதார அமைச்சின் ஆய்வுகளின்படி 13 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் மின்சிகரெட் பிடிப்போர் 2017இல் 9.8 விழுக்காடு, 2022இல் 14.9 விழுக்காடு. நிக்கோட்டின் திரவத்தைப் பட்டியலிலிருந்து எடுப்பதற்கு முன்பே ஏறிக்கொண்டிருந்த எண்ணிக்கை அது.

ஏன் இந்த வயது என்று கேட்பீர்கள். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் ஒரு பிள்ளையை எல்லோருக்கும் தெரியும். அவன் பாட்டி எந்த லயத்தில் இருந்தார், அப்பா எந்தத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறார், காலையில் சாப்பிட்டு வந்தானா என்பதெல்லாம் ஆசிரியருக்குத் தெரியும். சிற்றுண்டிச்சாலை அம்மாவுக்கும் தெரியும். அந்தப் பிள்ளை பன்னிரண்டு வயதில் அங்கிருந்து எழுந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் இடைநிலைப்பள்ளிக்குள் நுழைகிறான். பாட மொழி மாறுகிறது. ஆசிரியர்கள் மணிக்கு ஒருவராக வந்து போகிறார்கள். மலாய் மொழியில் தேவையான தேர்ச்சி இல்லாதவன் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார வேண்டியிருக்கிறது. கூடப் படித்தவர்கள் முதலாம் படிவத்துக்குப் போய்விட, இவன் மட்டும் பின்தங்கிவிட்டவன் என்ற எண்ணம் முதல் வாரமே மனத்தில் விழுந்துவிடுகிறது. வகுப்பில் கேட்டது புரியவில்லை, கை தூக்கிக் கேட்கவும் கூச்சம். அந்த நேரத்தில், ஓய்வு வேளையில் தோளில் கைபோட்டு, "தம்பி, நீ எந்தத் தோட்டம்? உங்க அண்ணனை எனக்குத் தெரியுமே" என்று கேட்கும் நான்காம் படிவ மாணவன்தான் அந்தப் பெரிய பள்ளியில் அவனுடைய ஊரை விசாரித்த முதல் ஆள். அவன் நீட்டுகிற மின்சிகரெட்டை இவன் வாங்காமல் இருந்தால்தான் வியப்பு. சுவைக்காக எந்தப் பிள்ளையும் அதனைத் தொடங்குவதில்லை. தன்னைச் சேர்த்துக்கொள்ள ஒரு கூட்டம் கிடைத்ததே என்றுதான் தொடங்குகிறான். பின்னர் அதே கூட்டம் அவனைச் சில்லறை வேலைகளுக்கு அனுப்பும் குண்டர் கும்பலாக மாறுவதையும் இவ்வூரில் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

தொடங்கும் வயது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. அமெரிக்காவில் 1990களில் நடத்திய தேசிய ஆய்வொன்றில், 15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியவர்களில் சுமார் 40 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் மதுவுக்கு அடிமையாகியிருந்தனர். 20 வயதுக்குப் பின் தொடங்கியவர்களில் அந்த அளவு சுமார் 10 விழுக்காடுதான். வீட்டுச் சூழலும் மரபும் இந்த வேறுபாட்டில் பங்கு வகிக்கலாம். என்றாலும், பின்விளைவை எண்ணிப் பார்த்துக் கையை இழுத்துக்கொள்ளும் மூளைப் பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதால், முதல் மிடற்றை ஓராண்டு தள்ளிப்போட்டாலும் அது பிள்ளைக்கு ஆதாயம்தான்.

இனி, பள்ளிகள் இன்று செய்வதைப் பற்றி. ஆண்டில் ஒரு நாள் மாணவர்களை மண்டபத்தில் உட்கார வைக்கிறோம். தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனமான ஏ.ஏ.டி.கே.யிலிருந்தோ காவல்துறையிலிருந்தோ ஓர் அதிகாரி வருகிறார். மாதிரிப் பொட்டலங்கள் அடுக்கிய கண்ணாடிப் பெட்டியைக் காட்டுகிறார். அழுகிய நுரையீரலின் படம் திரையில் வருகிறது. சில வேளைகளில், போதையிலிருந்து மீண்ட ஒருவர் தம் கதையைக் கண்ணீருடன் சொல்கிறார். சுவரொட்டிப் போட்டி, புதிர்ப் போட்டி, பரிசு, படம் எடுத்துக்கொள்ளுதல். வருபவர்களின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் 2013இல் வெளியிட்டு, 2018இல் உலகச் சுகாதார நிறுவனத்துடன் சேர்ந்து புதுப்பித்த தடுப்பு நெறிமுறைகள், பயன் தராதவை என்று எடுத்துக்காட்டியிருப்பவை ஏறக்குறைய இவைதான்: தகவலை மட்டும் கொடுப்பது, அச்சமூட்டுவது, விரிவுரையாக நடத்துவது, முன்னாள் போதையாளரைப் பேச வைப்பது, காவலரைக் கொண்டு பாடம் நடத்துவது. 1983இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கி அமெரிக்கா முழுவதும் பரவிய ‘டேர்’ என்ற போதைத் தடுப்புத் திட்டத்தில் சீருடை அணிந்த காவலர்களே வகுப்புக்கு வந்தார்கள். அதில் படித்த பிள்ளைகளுக்கும் படிக்காத பிள்ளைகளுக்கும் போதைப் பழக்கத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்று ஆய்வுக்கு மேல் ஆய்வு காட்டிய பிறகு, அந்நாட்டவர் பாடத்திட்டத்தையே மாற்ற வேண்டியதாயிற்று.

காரணம் விளங்காத ஒன்றன்று. மண்டபத்தில், "ஒரு முறை தொட்டால் வாழ்க்கை அழிந்தது" என்று கேட்ட பிள்ளை, வெளியே வந்தால் பல ஆண்டுகளாகக் குடித்தும் காலையில் வேலைக்குப் போகும் தன் மாமனைப் பார்க்கிறான். கெத்தும் குடித்துவிட்டுப் பந்தாட வரும் நண்பனைப் பார்க்கிறான். சொன்னது பொய் என்று முடிவு செய்துவிடுகிறான். அதன்பின் நாம் சொல்லும் உண்மையும் அவன் காதில் ஏறுவதில்லை. மீண்டு வந்தவரின் கதையைக் கேட்கும் பதின்மூன்று வயதுக்காரன், இவ்வளவு போட்டும் இவர் மீண்டுவிட்டாரே என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறான். வேனில் அன்று மாலை அவர்கள் பேசிக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன்.

அதே நெறிமுறைகள் பயன் தருவதாகக் காட்டுபவை எளியவை, செலவு குறைந்தவை. பயிற்சி பெற்ற ஆசிரியர், தம் வகுப்பில், வாரம் ஒரு முறையாகத் தொடர்ந்து பல வாரங்கள் நடத்தும் பயிற்சி. அடுத்த ஆண்டு மறுபடியும் அதனை நினைவூட்டும் சில வகுப்புகள். பிள்ளைகள் பேசவும் நடித்துப் பழகவும் வேண்டும். ஆசிரியர் மட்டும் பேசினால் பயனில்லை. கோபத்தை எப்படி ஆற்றிக்கொள்வது, தனிமையாக உணரும்போது யாரிடம் போவது, நண்பனை இழக்காமல் அவன் நீட்டுவதை எப்படி மறுப்பது என்பவையே பாடம். இதனை நம் பிள்ளைகளின் பேச்சிலேயே நடத்த வேண்டும். "டேய், ஒரு இழுப்புதான்டா, யாருக்கும் தெரியாது" என்று ஒருவன் சொன்னால், அச்சடித்த பதிலை ஒப்புவித்துக்கொண்டு எந்தப் பிள்ளையும் நிற்க மாட்டான். "எனக்கு வேணாம்டா, சாயங்காலம் பந்து இருக்கு, மூச்சு வாங்கும்" என்று சொல்லிவிட்டு அதே இடத்தில் நண்பனாக நின்று பேச அவனுக்குப் பழக்கம் வேண்டும். வாயில் வராத சொல் தேவைப்படும் நேரத்தில் வராது. அதனால்தான் அதை வகுப்பில் பலமுறை சொல்லிப் பழக வேண்டும் என்கிறேன். இன்னொன்றும் உண்டு. எல்லோரும் பிடிக்கிறார்கள் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். 2022ஆம் ஆண்டுக் கணக்கைத் திருப்பிப் பார்த்தால் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் பிடிப்பதில்லை. இதனை அச்சமூட்டும் படத்துக்குப் பதிலாகக் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம்.

தமிழ்ப்பள்ளிகள் இதற்கு முன்பே அடித்தளம் போட முடியும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1980களின் நடுவில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் ஒரு வகுப்பறை விளையாட்டை நடத்திப் பார்த்தார்கள். வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து, ஒழுங்காக நடந்துகொள்ளும் குழுவுக்குச் சிறு பரிசு கொடுப்பதே அந்த விளையாட்டு. போதைப்பொருள் என்ற பேச்சே அதில் இல்லை. அந்தப் பிள்ளைகளை இருபது வயது வரை பின்தொடர்ந்தபோது, குறிப்பாகச் சிறு வயதில் முரட்டுத்தனம் மிகுந்திருந்த ஆண்பிள்ளைகளிடம், போதைச் சிக்கல் மற்ற வகுப்புகளில் படித்தவர்களை விடக் குறைவாக இருந்தது. நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் பலர் இதைப் போன்ற ஒன்றை ஏற்கெனவே தம் அனுபவத்தால் செய்துவருகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒரு முறையான பயிற்சியும், நீங்கள் செய்வது முக்கியமான வேலை என்று மேலிருந்து வரும் ஒரு சொல்லும்தான்.

பாடம் மட்டும் போதாது. பள்ளி விட்ட பிறகு இரவு வரை பிள்ளை எங்கே இருக்கிறான் என்பதுதான் அடுத்த கேள்வி. ஐஸ்லாந்தில் 1998இல், 15, 16 வயதினரில் 42 விழுக்காட்டினர் முந்தைய ஒரு மாதத்தில் ஒரு முறையாவது போதையேறக் குடித்திருந்தனர். 2016இல் அது 5 விழுக்காடாகக் குறைந்தது. அங்கே இளையோருக்கான விளையாட்டு, இசை மன்றங்களுக்கு அரசு பணம் கொடுத்தது. பின்னிரவில் பிள்ளைகள் வெளியே சுற்றக் கூடாது என்று சட்டம் வைத்தது. பெற்றோர்கள் கூடி ஒரே விதியை எல்லா வீடுகளிலும் கடைப்பிடிப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அந்த நாடு பணக்கார நாடு, குளிர் நாடு என்று தள்ளிவிட வேண்டாம். இந்தப் பாடம் பீடோங்கிலேயே இருக்கிறது. தோட்ட நிர்வாகங்களே கள்ளுக்கடை நடத்தி, தொழிலாளியின் சம்பளத்தைத் திருப்பி வாங்கிக்கொண்ட காலத்தில், 1946, 47ஆம் ஆண்டுகளில், இங்குள்ள ஹார்வர்டு தோட்டத்திலிருந்து ஏ.எம். சாமி அவர்கள் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடைகளின் முன்னால் மறியல் செய்தார்கள். காவல்துறையுடன் மோதல் வந்து பலர் சிறைக்குப் போனார்கள். கடை மறியலை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். அணிவகுப்பும் கட்டுப்பாடும் பொறுப்பும் கொடுத்து, குடிக்காமல் இருப்பதே பெருமை என்ற ஒரு கூட்டத்துக்குள் இளைஞர்களைச் சேர்த்தார்கள் என்பதுதான் அந்தப் படையின் பெரிய செயல். இன்று அந்த இடத்தைக் குண்டர் கும்பல் பிடித்துக்கொண்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மலிவு விலை வீடுகளுக்குக் குடிபெயர்ந்தபோது, பந்தடிக்கும் திடலும் கோயில் முற்றமும் பொது மண்டபமும் நம்மை விட்டுப் போயின. அவற்றுக்கு மாற்றாக எதையும் நாம் கட்டவில்லை.

தண்டனையைப் பற்றியும் பேச வேண்டும். 1959ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டொழுங்கு விதிகள் தலைமையாசிரியருக்கு இடைநீக்கம் செய்யவும் பள்ளியை விட்டு விலக்கவும் அதிகாரம் தருகின்றன. பள்ளியில் விற்கிறவனைப் பற்றி நான் பரிந்து பேச வரவில்லை. ஆனால் மின்சிகரெட்டோ கெத்தும் நீரோ வைத்திருந்து முதன்முதலாகப் பிடிபட்ட பதின்மூன்று வயதுப் பிள்ளையை இரண்டு வாரம் வீட்டுக்கு அனுப்பினால், வீட்டில் யாரும் இருப்பதில்லை. அம்மா தொழிற்சாலையில், அப்பா லாரியில். அந்த இரண்டு வாரமும் அவன் உட்கார்ந்திருப்பது, படிப்பை முன்பே நிறுத்திவிட்ட அண்ணன்மார்களுடன் செம்பனை நிழலில். திரும்பி வரும்போது பாடம் விட்டுப்போயிருக்கிறது. கூட்டம் மட்டும் பெரிதாகியிருக்கிறது. சிலர் திரும்பி வருவதே இல்லை. வேனில் அந்த இருக்கை காலியாகிவிடுகிறது. இடைநீக்கம் தவிர்க்க முடியாததாக இருந்தாலும் அதனைப் பள்ளிக்குள்ளேயே, ஆலோசக ஆசிரியரின் கண்காணிப்பில், பாடம் தவறாமல் நடத்துங்கள். தமிழ் பேசும் ஓர் ஆலோசக ஆசிரியரை, முழுநேரமாக இல்லாவிட்டாலும் வாரம் ஒரு நாள், ஒவ்வோர் இடைநிலைப்பள்ளிக்கும் அனுப்பி வையுங்கள். மனத்தில் இருப்பதை மலாயில் சொல்லத் தெரியாத பிள்ளை, கேட்டவுடன் "ஒன்றுமில்லை, ஐயா" என்றுதான் சொல்வான். சிகிச்சை தேவைப்படுபவர் தாமே முன்வந்து ஏ.ஏ.டி.கே.யில் பெயர் கொடுக்க போதைக்கு அடிமையானோரின் சிகிச்சை, மறுவாழ்வுக்கான 1983ஆம் ஆண்டுச் சட்டம் வழி விட்டிருக்கிறது என்பது எங்கள் தாய்மார்கள் பலருக்குத் தெரியாது. போனால் பிள்ளையைப் பிடித்துக்கொள்வார்கள் என்று பயந்து மறைக்கிறார்கள். 15999 என்ற தாலியான் காசே உதவித் தொலைபேசி எண்ணைப் பற்றியும் தெரியாது. பெற்றோர் கூட்டத்தில் இவற்றைத் தமிழில் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

பெற்றோர்களாகிய நம் பங்கை மறைத்துவிட்டு ஆசிரியர்களை மட்டும் கேட்பது முறையாகாது. கடைக்குப் போய் இரண்டு டின் பீர் வாங்கி வா என்று பன்னிரண்டு வயது மகனை அனுப்புகிறோம். பிறந்தநாள் விருந்தில், தீபாவளிக்கு முந்தைய இரவில், சித்தப்பா ஒருவர் கண்ணாடிக் குவளையை நீட்டி, "ஆம்பளப் பையன், ஒரு வாய் குடிக்கட்டுமே" என்று சொல்லும்போது எல்லோரும் சிரிக்கிறோம். வீட்டில் அப்பா குடிப்பதைப் பார்ப்பதை விட, பிள்ளைக்குக் கொடுப்பதில் தவறில்லை என்று அம்மாவும் சும்மா இருப்பதைப் பார்ப்பதுதான் அவனுக்கு அனுமதிச் சீட்டு. பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே, விளையாட்டுப் போட்டிக்கும் விருந்துக்கும் நாம் கூட்டும் கூட்டங்களில் ஒன்றை இதற்காக ஒதுக்குவோம். பிள்ளைகளுக்கு மது ஊற்றுவதில்லை, வாங்கி வர அனுப்புவதில்லை, பள்ளி நாள்களில் இரவு பத்து மணிக்கு மேல் வெளியே விடுவதில்லை என்ற மூன்றையும் ஒரு தோட்டத்துப் பெற்றோர் அனைவரும் சேர்ந்து ஒப்புக்கொண்டால், "மற்ற வீட்டில் விடுகிறார்களே" என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போகும்.

நான் கேட்பவை இவைதாம். வரும் கல்வியாண்டு தொடங்குமுன், தமிழ்ப்பள்ளிகளின் ஆறாம் ஆண்டு ஆசிரியர்களும் இடைநிலைப்பள்ளிகளின் புகுமுக வகுப்பு, முதலாம் படிவ ஆசிரியர்களும் ஒரு நாள் ஒன்றாக உட்கார்ந்து, கவனம் தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றிப் பேசி ஒப்படைக்க வேண்டும். ஏட்டில் மதிப்பெண் மட்டும் போகிறது. பிள்ளையின் கதை போவதில்லை. ஒவ்வோர் இடைநிலைப்பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்களையாவது வாராந்திரப் பயிற்சி வகுப்புக்குத் தயார்படுத்துங்கள். பீடோங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமும் அதன் மருத்துவத் துறையும் இருக்கின்றன. ஆசிரியர்களுக்கான பயிற்சிக்கு அவர்களின் உதவியைக் கேட்டுப் பாருங்கள். மண்டபத்தில் நடக்கும் ஒரு நாள் நிகழ்ச்சியைக் கைவிட முடியாவிட்டால், அதனைப் பெற்றோருக்காக நடத்துங்கள்.

இறுதியாக, என் தொழில் சார்ந்த ஒன்று. பந்து, சிலம்பம், நடனம் போன்ற பின்நேரப் புறப்பாட நடவடிக்கைகளில் தோட்டத்துப் பிள்ளைகள் சேராமல் போவதற்கு முதல் காரணம், பள்ளி விட்டதும் வேன் கிளம்பிவிடுவதுதான். தவறவிட்டால் வீட்டுக்குப் போக வழியில்லை. நண்பனின் மோட்டார் சைக்கிளில் ஏறுகிறவன் எங்கே போய் இறங்குகிறான் என்பது உங்களுக்கும் தெரியும். மாலை ஐந்தரை மணிக்கு இரண்டாவது நடை ஓட்ட நான் தயாராக இருக்கிறேன். இவ்வழியில் ஓட்டும் மற்ற வேன்காரர்கள் சிலரிடமும் பேசியிருக்கிறேன். எண்ணெய்ச் செலவைப் பெற்றோரால் மட்டும் தாங்க முடியாது. அதில் ஒரு பகுதியைச் சங்க நிதியிலிருந்து தர முடியுமா என்றும், எந்தெந்த நாள்களில் பயிற்சி நடக்கும் என்றும் எழுத்து வழி தெரிவித்தால், முதல் வாரத்திலிருந்தே தொடங்கிவிடலாம்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ஒரு தாய், பள்ளி வேன் ஓட்டுநர்,
பீடோங், கெடா.